ஒரு கோடு சிக்னல்

கொடிக்கம்பத்தின் உச்சிக்கு
கயிற்றில் கட்டி ஏற்றியிருக்கிறோம் டாங்கிளை.
மேலத்திருமாணிக்கம் பள்ளிக்கூடத்தில்
அந்த ஒரு கோடு சிக்னல் அங்கேதான் நிற்கிறது.

பேக்காமன், நாற்பத்து நாலு, டிராக்டர் டிரைவர்,
சர்க்கரை முன்னூற்றுப் பத்து.
மருந்து விட்டு விரிந்த கண்ணுக்குள்
ஒரு மின்னல் அடித்து எடுத்தேன்:
ஆரஞ்சு நிறத்தில் ஓர் உருண்டை,
ஓரத்தில் வெளிறிய தட்டு,
அதிலிருந்து கிளைத்து ஓடும் ரத்த ஓடைகள்.
பன்னிரண்டு எம்.பி.
இந்தக் கோட்டில் இது மதுரை போய்ச் சேர
சாயங்காலம் ஆகும்.
வரிசையில் இன்னும் முப்பத்தொரு பேர்.

அதனால் சுருக்கு.

சுருக்குவது மந்திரமில்லை.
படத்தை எட்டுக்கு எட்டாய் வெட்டு.
அறுபத்து நாலு புள்ளியையும் ஒவ்வொன்றாய்ச் சொல்லாதே;
கட்டத்தின் பொதுநிறம் என்னவென்று முதலில் சொல்,
பிறகு எங்கே அது மெல்ல ஏறி இறங்குகிறது,
எங்கே வெடுக்கென்று மாறுகிறது.
அந்த வெடுக்குகளைப் பெரிய எண்ணால் வகு.
சின்னதெல்லாம் பூஜ்யமாகும்.
பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் என்று
ஐம்பது தடவை எழுதாமல்
'இனி ஒன்றுமில்லை' என்று ஒரே குறியில் முடி.
நிறத்தில் பாதியைக் கைவிடு.
கண் வெளிச்சத்தைத்தான் கணக்குப் பார்க்கும்,
நிறத்தில் ஏமாறும் என்கிறது விதி.
(கண்ணின் படத்தை வைத்துக்கொண்டே
கண்ணைப் பற்றிச் சொல்கிறது.)

கடைசியில் ஒரு வேலை:
அடிக்கடி வருவதற்குக் குட்டிப் பெயர்,
அபூர்வமாய் வருவதற்கு நீளப் பெயர்.
இது எந்த பஸ்ஸில் ஏறினாலும் தெரிவதுதான்.
ஓயாமல் வண்டி போகிற உசிலம்பட்டி
போர்டில் உசிலை ஆகிவிட்டது.
திருப்பரங்குன்றம் வாயில் குன்றம்.
ரெண்டே நடை பஸ் வருகிற இந்த ஊரை மட்டும்
கண்டக்டர் இன்னும் முழுசாய்ச் சொல்கிறார்
மே-லத்-திரு-மா-ணிக்-கம் என்று,
நடுவில் மூச்சு வாங்கி.

இருநூற்று நாற்பது கே.பி. ஆனது பேக்காமனின் கண்.
ஐம்பதில் ஒரு பங்கு.
போனது.

அண்ணாநகரிலிருந்து டாக்டர் ஹெப்சிபா கூப்பிட்டார்.
"சுத்தமா இருக்கே தில்ஷாத்.
அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

நான் எடுத்தபோது ஒன்றைப் பார்த்திருந்தேன்.
நடுப்பார்வைக்குச் சற்றுக் கீழே
கேழ்வரகில் பாதிகூட இல்லாத ஒரு சிவப்பு.
அசலைத் திறந்தேன்: இருந்தது.
அனுப்பியதைத் திறந்தேன்:
கட்டம் முழுக்க ஒரே ஆரஞ்சு,
மொழுக்கென்று, கழுவிக் கவிழ்த்த வட்டில் போல.
கணக்கு பொய் சொல்லவில்லை.
சுற்றிலும் யாரும் துணைக்கு இல்லாத ஒற்றைப் புள்ளி;
பெரிய எண்ணால் வகுத்தது,
பூஜ்யம்,
இனி ஒன்றுமில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு
கொடிக்கம்பத்தடிக்குப் போனேன்.
அந்த இடத்தை மட்டும் சதுரமாய் நறுக்கி,
பச்சையை மட்டும் பிரித்து
(பச்சையில்தான் ரத்தம் கறுப்பாய் மாட்டிக்கொள்ளும்)
ஒரு புள்ளியும் விடாமல் அனுப்பினேன்.
நாற்பது கே.பி.
முழுக் கண்ணில் ஆறில் ஒரு பங்கு எடை.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு: "நாளைக்கே வரச் சொல்லு."

பேக்காமன் செல்லை எடுத்தார்.
எழுத்து மங்கலாய்த் தெரிய, என்னையே அழுத்தச் சொன்னார்.
"வீட்ல ஏற்பாடு இருக்கும்மா.
ஒரு ரிங் அடிச்சு வச்சா ஒண்ணுமில்ல.
ரெண்டுன்னா மதுரை."
என் மென்பொருளால்
இவ்வளவு குறுக்க முடியாது.

ஒன்று.
இரண்டாவது அடிக்கும் முன்பே
ஒச்சம்மாள் எடுத்துவிட்டாள்.
செல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு
களத்தில் நின்றிருப்பாள்.
"என்ன சொன்னாக?"

அவருக்கு வாய் எழவில்லை.
அவளும் இன்னொரு தடவை கேட்கவில்லை.
செல்லைக் காதில் ஒட்டிவைத்தபடி இரண்டு பேரும்.

பேச்சில்லாத நேரத்தைச் செல்போன் அனுப்புவதே இல்லை.
மிச்சம் பிடித்துவிடும்.
அந்தப் பக்கம் கேட்பது
லைன் செத்துவிட்டதென்று நினைக்காதிருக்க
செய்துவைத்த லேசான இரைச்சல்.

இதை அவரிடம் சொல்லவில்லை.
அடுத்த டோக்கன் பதினேழு.
கூப்பிடாமல் நின்றிருந்தேன்.